பயப்படுகிற நாளில்

சபையில் நாம் சாட்சி சொல்வது பெரும்பாலும் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான். பயந்தேன், ஜெபித்தேன், பயம் போய்விட்டது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று நாலு வரியில் முடியும். நான் எழுதப்போவது அப்படிப்பட்ட சாட்சி இல்லை, என் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்து, நெஞ்சு படபடக்க, யாரை எழுப்புவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற ஒருவராவது இதைப் படிப்பார் என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அடைபட்ட இடம் ஆகாது. லிஃப்ட் இருந்தாலும் படியேறித்தான் போவேன், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அப்புறம் இடுப்பில் ஆரம்பித்த வலி காலுக்கு இறங்கி, பாதம் மரத்துப்போக ஆரம்பித்ததும் டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்.

எடுத்தவர்களுக்குத் தெரியும். நீளமான ஒரு பலகையில் படுக்கவைத்து, அசையக்கூடாது என்று சொல்லி, குழாய் மாதிரி இருக்கிற மெஷினுக்குள்ளே தள்ளுவார்கள். கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேர் மேலே வெள்ளைச் சுவர், மூச்சு விட்டால் அது திரும்பி நம் முகத்திலேயே படுகிற மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்களில் மின்சாரம் படுவேகமாக மாறி மாறிப் பாய்வதால் அவை அதிர்ந்து எழுப்புகிற சத்தம், காதை அடைத்திருந்தாலும் மண்டைக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரிக் கேட்கும். முடியவில்லை என்றால் அழுத்துங்கள் என்று கையில் ஒரு சின்ன ரப்பர் பந்தைக் கொடுப்பார்கள். முதல் தடவை ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, நான் அதை அழுத்திவிட்டேன். ஒரு தடவை இல்லை, அவர்கள் வந்து வெளியே இழுக்கும்வரை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

இதை ஜெபக்கூட்டத்தில் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். அங்கே ஒருவர், என்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்தான், "விசுவாசம் இருக்கிற இடத்தில் பயத்துக்கு என்ன வேலை தம்பி? உங்களை நீங்களே ஆராய்ந்து பாருங்கள்" என்றார். ‘தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்’ என்கிற வசனத்தையும் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒரு பயத்தோடு வந்தவன் ரெண்டு பயத்தோடு போனேன். முதலாவது அந்த மெஷின். ரெண்டாவது, இத்தனை வருஷம் நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது விசுவாசமே இல்லையோ என்பது. இந்த ரெண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது. பயந்துபோன ஒருவரிடம் இந்த வார்த்தையைச் சொல்லுமுன் தயவுசெய்து ஒரு நிமிஷம் யோசியுங்கள். அது அவருடைய பயத்தை எடுத்துப்போடாது, பயத்தோடு ஓடிப்போய் ஒதுங்குவதற்கு அவருக்கு இருக்கிற ஒரே இடத்தைத்தான் எடுத்துப்போடும்.

நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். தாவீது, கோலியாத் கதையை எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. 1 சாமுவேல் 17. கவண், கூழாங்கல், தொப்பென்று விழுகிற ராட்சதன், பிள்ளைகளின் கைதட்டல். ஆனால் அதே புத்தகத்தில் நாலு அதிகாரம் தள்ளி, 21ஆம் அதிகாரத்தில் இருப்பதை ஒரு தடவைகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதில் தாவீது, தன்னைக் கொல்லத் தேடுகிற சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடுகிறான். கையில் ஆயுதம் இல்லை, ஆசாரியன் அகிமெலேக்கிடம் கேட்கிறான், அவன் எடுத்துக் கொடுப்பது கோலியாத்தின் பட்டயத்தை, அவனுடைய வாளை. அதை வாங்கிக்கொண்டு தாவீது ஓடிப்போய் நிற்கிற ஊர் எது தெரியுமா? காத். கோலியாத்தின் சொந்த ஊர். அந்த ஊர் ராஜாவின் ஆட்கள் அவனை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அப்போது வேதம் அவனைப்பற்றி ஒளிக்காமல் சொல்கிறது, அவன் ராஜாவாகிய ஆகீசுக்கு மிகவும் பயந்தானாம். பைத்தியக்காரனைப்போல நடித்து, வாசற்கதவுகளிலே கீறி, வாயிலிருந்து நுரையைத் தன் தாடியில் விழவிட்டுக்கொண்டிருந்தானாம். கோலியாத்தை விழவைத்த அதே கைதான் கதவைக் கீறிக்கொண்டிருந்தது.

56ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பார்த்தால், கோலியாத்தின் ஜனமான பெலிஸ்தர் தாவீதைக் காத்தில் பிடித்தபோது பாடினது என்று இருக்கும். அதில் மூன்றாம் வசனம்: ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.’

எத்தனையோ தடவை வாசித்த வசனம். அன்றைக்கு ராத்திரி, விளக்கைக்கூடப் போடாமல் போன் வெளிச்சத்தில் வாசித்தபோது அந்த ‘நாளில்’ என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். பயம் தீர்ந்த நாளில் என்று இல்லை, பயத்தை ஜெயித்த பிறகு என்றும் இல்லை. பயப்படுகிற அதே நாளில். ‘நான் பயப்படேன்’ என்பதும் அந்தச் சங்கீதத்தில் உண்டு, ஆனால் அது அடுத்த வசனத்தில்தான் வருகிறது. இன்னும் கொஞ்சம் கீழே, எட்டாம் வசனத்தில், ‘என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்’ என்கிறான். தோல் பையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற மாதிரி என் கண்ணீரைச் சேர்த்து வையும் என்று கேட்கிறான். பயந்ததற்காக வெளியே தள்ளுகிற தேவனிடம் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு, ஜெபக்கூட்டத்தில் கேட்ட அந்த வசனத்தையும் திறந்து முன்னும் பின்னும் வாசித்தேன். 2 தீமோத்தேயு 1:7. அதற்குச் சில வரிகள் முன்னாலேயே பவுல், தீமோத்தேயுவின் கண்ணீரை நினைத்து அவனைக் காண வாஞ்சையாயிருப்பதாக எழுதுகிறார். சிறையில் கட்டப்பட்டிருக்கிற ஒரு மனிதன், தான் பிள்ளையாக நினைக்கிற ஒருவனுக்கு எழுதுவது. அதட்டல் எங்கேயும் கேட்கவில்லை. அந்தப் பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது, பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்கிறார். அதே கொரிந்துவில்தான் ராத்திரி தரிசனத்தில் கர்த்தர் அவரிடம், பயப்படாமல் பேசு, நான் உன்னுடனேகூட இருக்கிறேன் என்று சொன்னதாக அப்போஸ்தலர் 18இல் வாசிக்கிறோம். பயமே இல்லாதவனுக்கு அதைச் சொல்லவேண்டிய தேவை என்ன?

வேதத்தில் ‘பயப்படாதே’ 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று, என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அத்தனை வராது. வராவிட்டால் என்ன, ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதும்.

இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேயைப்பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, எழுதவும் எனக்குத் தெரியாது. இயேசு திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன். இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும் என்று கேட்டார். பாவமில்லாத அவரே நடுக்கத்தோடு முகங்குப்புற விழுந்து ஜெபித்தார் என்றால், என் நடுக்கத்தைப் பாவம் என்று நான் ஏன் நினைக்கவேண்டும்?

இதெல்லாம் புரிந்த மறுநாளே நான் சிங்கமாகிவிடவில்லை. டாக்டரிடம் போய் முதல்முறையாக உள்ளதைச் சொன்னேன். பதற்றம் உச்சத்துக்குப் போனாலும் அங்கேயே நிற்காது, கொஞ்ச நேரத்தில் உடம்பே அதைக் கீழே இறக்கிவிடும் என்று விளக்கினார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கப் பழகச் சொன்னார். பழகினேன். இதை விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் எலியா தீர்க்கதரிசியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். தன்னைக் கொல்லத் துடித்த ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, நான் சாகவேண்டும் என்று சொன்னவனுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆண்டவர் நம் உடம்பை மறந்துவிட்டு நம் ஆவியோடு மட்டும் பேசுகிறவர் இல்லை.

ரெண்டாவது தடவை ஸ்கேனுக்கு அக்கா கூட வந்தாள். அங்கே இருந்த பெண்ணிடம் எனக்குப் பயம் என்று வெளிப்படையாகச் சொன்னேன். அவர் அக்காவிடம் நகை, போன், சாவி எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்லி, காதுக்கு அடைப்புக் கொடுத்து, என் கால்மாட்டில் நிற்க விட்டார். மறுபடியும் அந்தப் பலகை, கையில் அந்த ரப்பர் பந்து. கண்ணை மூடிக்கொண்டேதான் உள்ளே போனேன். சத்தம் ஆரம்பித்ததும் வயிற்றிலிருந்து ஏதோ ஏறி வந்து தொண்டையை அடைத்தது. ஆண்டவரே எனக்குப் பயமாயிருக்கிறது, அதை மட்டும்தான் ஜெபமாகச் சொல்ல முடிந்தது. அப்புறம் 23ஆம் சங்கீதத்தை ஆரம்பித்தேன், மூச்சு விடும்போது ஒரு வரி, அடுத்த மூச்சுக்கு அடுத்த வரி.

அவர் என்னை மேய்த்து, அவர் என் ஆத்துமாவைத் தேற்றி என்று மூன்றாம் வசனம்வரை எல்லாம் ‘அவர்’. நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று மாறிவிடுகிறது. வெளிச்சத்தில் அவரைப்பற்றிப் பேசிக்கொண்டு வந்தவன், இருட்டில் அவரோடேயே பேச ஆரம்பிக்கிறான். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம், அந்தக் குழாய்க்குள்தான் இதைக் கவனித்தேன். அந்த இடம் வந்தபோது அக்கா என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாதத்தில்தான் உணர்ச்சி இருந்தது, அதில் அவள் விரல்களின் சூடு தெரிந்தது. எத்தனை தடவை அந்தச் சங்கீதத்தைச் சொன்னேன் என்று தெரியாது. நடுவில் ரெண்டு தடவை பந்தை அழுத்தப்போய் அழுத்தாமல் விட்டேன். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது, கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தப் பெண் பந்தை வாங்கினார். தண்டுவடத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ரிசல்ட் வந்தது, வைத்தியம் நடக்கிறது. இன்னொரு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் கை வியர்க்கிறது.

போன ஞாயிறு வகுப்பில் 1 சாமுவேல் 21ஐச் சொல்லிக்கொடுத்தேன். தாடியில் நுரை விழுகிற இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் மட்டும் சிரிக்காமல், "அண்ணா, கோலியாத்தைக் கொன்ன அதே தாவீதா?" என்று கேட்டான்.

"அதே தாவீதுதான்."

"ஆண்டவர் கோவிச்சுக்கலையா?"

இல்லை என்று சொல்லி, 56ஆம் சங்கீதத்தைத் திறந்து துருத்தி வசனத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து மெதுவாக வாசித்தான். வாசித்து முடித்து, விரலை எடுக்காமலே, "எனக்கு இருட்டுன்னா பயம் அண்ணா" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு கை மேலே வந்தது.