ஒரே சின்ன புரோகிராமைத் திரும்பத் திரும்ப எழுதிப் படித்த கதை

2016-ல் ஒரு இன்டர்வியூ. அப்போதே எனக்குப் பத்து வருட ஜாவா அனுபவம். ஆர்டர்களை வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்துக் கூட்டச் சொன்னார்கள். லூப்பும் ஹேஷ்மேப்பும் போட்டு எழுதினேன், விடையும் சரி. "இதையே ஸ்ட்ரீமில் எழுதுங்க" என்றதும் கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்ட்ரீமும் (லூப் எழுதாமல் தரவைப் படிப்படியாகச் செயலாக்கும் வழி) லாம்டாவும் (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) 2014 மார்ச்சில் ஜாவா 8-லேயே வந்துவிட்டன. ஆனால் என் ப்ராஜெக்ட் ஜாவா 6-ல் ஓடிக்கொண்டிருந்தது, நானும் அதோடு தங்கிவிட்டேன்.

பயத்தில் அடுத்த மூன்று மாதம் கண்ணில் பட்ட கோர்ஸை எல்லாம் ஆரம்பித்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அப்புறம் கைகொடுத்தது அந்த இன்டர்வியூ கேள்விதான். அதையே 200 வரி புரோகிராமாக வளர்த்து வைத்துக்கொண்டு, நீண்டகால ஆதரவுள்ள ஒவ்வொரு வெர்ஷன் வந்ததும், 11, 17, 21 என்று, புதிய வசதிகளை வைத்துத் திருப்பி எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் மற்ற வெர்ஷன்களுக்கு மாற்றப் பட்டியலை மட்டும் படிப்பேன், அது போதும். 17-க்கு மாறியபோது கன்ஸ்ட்ரக்டர், கெட்டர், ஈக்குவல்ஸ் என்று நீண்டு கிடந்த ஆர்டர் கிளாஸ், ரெக்கார்டாக (தரவை வைத்திருக்க மட்டும் உதவும் சுருக்கமான கிளாஸ்) ஒரே வரியில் அடங்கியது. பழகிய கோடு பக்கத்திலேயே இருப்பதால் எது மாறியது, ஏன் மாறியது என்பது உடனே பிடிபடுகிறது.

அந்த "ஏன்" ரொம்ப முக்கியம். ஜாவாவில் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஒரு ஜெப் (JEP, மாற்றத்துக்கான முன்மொழிவு) ஆவணம் உண்டு, அதில் நோக்கம் சொல்லும் பகுதியை முதலில் படியுங்கள். 21-ல் வந்த வர்ச்சுவல் திரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரெட் என்பது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை, வர்ச்சுவல் திரெட் என்பது ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான வகை. அதன் நோக்கம் இதுதான்: 64 பிட் லினக்ஸில் சாதாரண திரெட் ஒவ்வொன்றின் ஸ்டாக்குக்கும் (அதன் தற்காலிக மெமரி) வழக்கமாக 1 எம்பி ஒதுக்கிவைக்கப்படும், அதனால் பத்தாயிரம் ரிக்வெஸ்டுக்குப் பத்தாயிரம் திரெட் என்று போக முடியாமல்தான் இத்தனை வருடம் கால்பேக்கோடு (வேலை முடிந்ததும் அழைக்கச் சொல்லிக் கொடுக்கும் ஃபங்ஷன்) போராடினோம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் திரெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்கு இது ஒரு மணி நேரப் பாடம், தெரியாதவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பெயர். சின்க்ரனைஸ்ட் பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே நுழையக்கூடிய பகுதி) வர்ச்சுவல் திரெட் காத்திருந்தால் அடியில் இருக்கும் நிஜ திரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், அது 24-ல்தான் சரியானது என்பதும் அவருக்கு எளிதாகப் புரியும்.

அதனால் படிக்கும் நேரத்தில் பாதியை டேட்டாபேஸ் இன்டெக்ஸ், டிரான்சாக்‌ஷன், டிசிபி (நெட்வொர்க்கில் தரவு அனுப்பும் விதிமுறை), மெமரி போன்றவற்றுக்கே கொடுக்கிறேன். இவை சீக்கிரம் பழசாவதில்லை. வாரத்தில் நான்கு காலை, தலா 40 நிமிடம், ஆபீஸ் மெயிலைத் திறப்பதற்கு முன்.

ஆபீஸில் பழைய வெர்ஷன்தான் என்றால் சொந்த மெஷினில் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். பைதான்காரர்களும் இதேபோல் செய்யலாம், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் புதிதாக வந்தவற்றை விளக்கும் பக்கம் அதிகாரப்பூர்வ ஆவணத்திலேயே இருக்கிறது. நான் இப்போது ஜாவா 25-க்கு அந்த 200 வரியைத் திறந்து வைத்திருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது.