மணலுக்குள் நீந்தும் மம்பட்டி மூக்கன்

இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் தோப்பில் தென்னம்பிள்ளை வைக்கக் குழி எடுத்தபோது, ஈர மணலோடு ஒரு மண்ணுளிப் பாம்பும் புரண்டு வந்தது. வேலைக்கு வந்திருந்த பெரியவர் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, "தொடாத மக்கா, நக்கினா குஷ்டம் வரும்" என்றார். அது நக்கி எவருக்கும் எந்த நோயும் வந்ததில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆயினும் அது வேலியோரத் தாழைக்குள் மெல்லப் போய் மறையும்வரை இருவரும் காத்திருந்தோம்.

அன்றிரவு மணலில் வாழும் பாம்புகளைப் பற்றிப் படிக்கும்போது, அமெரிக்காவின் மொஹாவி, சொனோரா பாலைகளில் வாழும் 'ஷவல் நோஸ்டு ஸ்நேக்' கண்ணில் பட்டது. மண்வெட்டி மூக்கன் என்று சொல்லலாம். எங்கள் ஊர்ப் பேச்சில் மம்பட்டி மூக்கன். 1854இல் அமெரிக்க ஊர்வன ஆய்வாளர் ஹாலோவெல் அறிவியல் முறைப்படி விவரித்த இந்தப் பாம்பு பெரும்பாலும் ஒன்றேகால் அடியைத் தாண்டாது. மனிதருக்குத் தீங்கு செய்யும் நஞ்சும் இல்லை. இரவில் வெளிவந்து பூச்சி, சிலந்தி, பூரான், தேள் ஆகியவற்றைத் தின்னும்.

மண்ணுளிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. மணல்தான் இரண்டையும் தனக்கேற்றபடி செதுக்கியிருக்கிறது. மூக்கனின் முகம் தட்டையானது. கீழ்த்தாடை மேல்தாடைக்குள் ஒடுங்கியிருப்பதால் வாய்க்குள் மணல் ஏறாது, மூக்குத் துளைகளுக்கும் அடைப்பு உண்டு. மண்ணுளி பொறுமையாகத் துளைத்து இறங்கும்; இதுவோ உடலை நெளித்து மணலுக்குள் நீந்துகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், நுண்ணிய கண்ணாடி மணிகளுக்குள் இதை நீந்தவிட்டு எக்ஸ்-ரே மூலம் பார்த்தபோது, தலை சென்ற தடத்திலேயே உடல் முழுவதும் வழுவாமல் பின்தொடர்வது தெரிந்தது. மணலில் நீந்தும் அரணை வகையொன்றைவிட இது குறைவாகச் சறுக்குவதற்கு ஒல்லியான நீண்ட உடலும் வழவழப்பான தோலுமே காரணம்.

சொத்தவிளை கடற்கரையில், காய்ந்த மணலுக்குள் முழங்கைவரை கையை நுழைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன். நாலு விரற்கடை நகர்வதற்குள் தோள் வலித்துவிட்டது.

மறுநாள் பெரியவரிடம் மூக்கனின் படத்தைக் காட்டினேன். வெளிர்மஞ்சள் உடலில் வரிசையாகக் கறுப்புப் பட்டைகள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "கட்டுவிரியன் குட்டி மாதிரில்லா இருக்கு" என்றார். குழிக்குள் இது கிடந்திருந்தால் அவர் மம்பட்டியைக் கீழே வைத்திருக்க மாட்டார்.