மூன்று பலகையும் ஒரு கம்பும்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், ஒரு பூந்தொட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றது அது. தொட்டியைத் தூக்கிப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. உல்ம் ஸ்டூல்! 1954இல் வடிவமைப்பாளர்கள் மாக்ஸ் பில்லும் ஹான்ஸ் குகெலோட்டும் உல்ம் நகர வடிவமைப்புக் கல்லூரிக்காக உருவாக்கியது. கையில் காசு குறைவான புதுக் கல்லூரி. அதனால் மூன்று ஸ்ப்ரூஸ் மரப் பலகை, குறுக்கே ஓர் உருண்டைக் கம்பு, அவ்வளவுதான். மூலைகளில் இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் பல் வெட்டிக் கோத்திருக்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் 44 சென்டிமீட்டர் உயரம்; பக்கவாட்டில் சாய்த்தால் சற்றுத் தாழ்வான இருக்கை. கவிழ்த்துக் கம்பைப் பிடித்தால் புத்தகம் சுமக்கும் கூடை.

பேரம் பேச எனக்கு வராது. ஆசை முகத்தில் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது. நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு கொடுத்தேன். தொட்டித் தண்ணீர் விட்டுப்போன கறுப்பு வட்டத்தைத் தேய்த்து எடுக்கலாம். எடுக்கப்போவதில்லை.

வீடியோவில் பார்த்த அம்மா, "மனைப்பலகைக்குக் கால் வைத்ததுபோல் இருக்கிறதே, இதற்கா இவ்வளவு?" என்றார். பதில் சொல்லாமல் காபி டம்ளரை அதன்மேல் வைத்தேன். அடியில் ஒரு தட்டு வைத்துத்தான்.