சாந்திவனத்துக்குப் போகிறவர்கள் ஓர் இரவாவது தங்குங்கள்

திருச்சி–கரூர் சாலையில் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளி. காவிரியின் தென்கரை; எதிர்க்கரையில் முசிறி. இங்கேதான் 1950-இல் ஜூல் மோன்ஷனேன், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்றால்தான் ஊரில் தெரியும். 1968-இல் பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1993-இல் இங்கேயே இறந்தார், கல்லறையும் இங்கேதான்.

பலர் பகலில் வந்து கோயிலைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது போதாது. இங்கே ஒரு நாள் என்பது மூன்று ஜெபவேளைகளும், விடியலிலும் அந்தியிலும் தியான நேரமும் சேர்ந்தது. அந்திக்கு முன் வந்து, மறுநாள் அந்தி ஜெபம் முடியும்வரை இருந்தால்தான் அந்த வட்டம் முழுமையாகும்.

காலை ஜெபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. சந்தனம் இறையருளின் மணம். குங்குமம் புருவமத்தியில் விழிக்கும் ஞானக்கண். திருநீறு பாவம் எரிந்து தூய்மையானதன் அடையாளம். மாலையில் மாணிக்கவாசகரின் வரிகளும் ஒலிக்கும். கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலியில், அப்பமும் திராட்சை ரசமும் ஒப்புக்கொடுக்கும் காணிக்கை நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். பீடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். அப்ப ரசத்தைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டுப் பூ வைப்பார்கள். பிறகு தூபம், கற்பூர ஆரத்தி. நீரும் மண்ணில் பூத்ததும் காற்றும் நெருப்பும் அப்ப ரசத்தோடு சேர்ந்து கடவுளிடம் போகின்றன. படைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு ஜெபிக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழிபாட்டை நான் அறியேன். முதன்முறை பார்க்கிற கத்தோலிக்கருக்குத் தயக்கம் வரலாம். பொட்டு வைத்துக்கொள்ள யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும்.

காலை உணவுக்குப் பின் காய் நறுக்கும் இடத்துக்குப் போங்கள். விருந்தினரும் கைகொடுக்கலாம். தியானத்துக்கு மட்டும் வந்து இதைத் தவிர்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். ஜெபமும் உழைப்பும் ஒரே வாழ்வு என்பது புனித பெனடிக்ட் வழிவந்த கிறிஸ்தவத் துறவு மரபு. ஆசிரமம் சேர்ந்திருக்கும் இத்தாலியின் கமால்தோலி சபையும் அந்த மரபில் வந்ததுதான். சாப்பாடு சைவம், தரையில் உட்கார்ந்துதான். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு கிளம்புங்கள். விரைவுப் பேருந்து தண்ணீர்ப்பள்ளியில் நிற்காமல் போகலாம். ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள், இல்லையென்றால் குளித்தலையில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். திருச்சி–ஈரோடு ரயில் பாதையிலும் குளித்தலை நிலையம் உண்டு.

டிசம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு பெரும்பாலும் மணல்தான். வெயில் தியானத்துக்கே தடையாகிவிடும். மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு கரையில் உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாது; நீச்சல் தெரிந்தவர்களையும் அவை இழுத்திருக்கின்றன.