ஊர் என்ற சொல்லுக்கு ஒரு காட்சி

2025 மார்ச் 4

தோழி பாடிய பாடலுக்கான காணொளியைத் தொகுத்து முடித்தேன். பார்த்தவர் ஒருவர், "காட்சிகள் அழகாக இருக்கின்றன, ஆனால் உங்களுக்குக் கதை சொல்ல வராது" என்றார். திரைப்பட இயக்குநர் தர்செம் சிங்கைப் பற்றியும் விமர்சகர்கள் பலர் இதையே சொன்னதால், அவருடைய படைப்புகளை மீண்டும் பார்க்கத் தொடங்கியுள்ளேன்.

மார்ச் 5

ஜலந்தரில் பிறந்து, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் கலை பயின்ற தர்செம், அமெரிக்க ராக் இசைக்குழு ஆர்.இ.எம்.-இன் 'லூசிங் மை ரிலிஜன்' பாடலுக்கு இயக்கிய காணொளி 1991-இல் எம்டிவியின் ஆண்டின் சிறந்த காணொளி விருதைப் பெற்றது. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியங்களின் ஒளியையும் நிழலையும் அதில் காண்கிறேன். பின்னர் விளம்பரப் படங்கள், 2000-இல் 'த செல்' திரைப்படம்.

மார்ச் 8

இன்று 'த ஃபால்'. விளம்பரங்களில் ஈட்டிய சொந்தப் பணத்தைப் பெருமளவு செலவிட்டு, நான்கு ஆண்டுகளாக இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அவர் எடுத்த இப்படம், 2006-இல் டொரோண்டோ விழாவில் திரையிடப்பட்ட பிறகும் 2008 வரை அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வரவில்லை. அப்போது தங்கள் பெயரைத் தந்து அதை முன்வைத்த இயக்குநர்கள் டேவிட் ஃபின்ச்சர், ஸ்பைக் ஜோன்ஸ் இருவருமே பாடல் காணொளிகளிலிருந்து வந்தவர்கள் என்பது எனக்குப் பெரும் ஆறுதல்.

மௌனப்படக் காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில், அடிபட்ட சண்டைக் கலைஞர் ஒருவர் கை முறிந்த சிறுமிக்குக் கதை சொல்கிறார். அவர் "இந்தியன்" என்று அமெரிக்கப் பழங்குடி வீரனைச் சொல்ல, ஆரஞ்சுத் தோட்டத்தில் தன் குடும்பத்தோடு வேலை செய்யும் இந்தியரையே அவள் நினைத்துக்கொள்கிறாள்; திரையிலும் அவரே வருகிறார். சொல்பவரின் சொல்லும் கேட்பவளின் காட்சியும் விலகும் அந்த இடைவெளியில்தான் கதை நடக்கிறது. பாட்டுக்குக் காட்சி தேடிப் பழகிய கண்ணுக்குத்தான் இது தோன்றியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 9

என் காணொளியில் "ஊர்" என்ற சொல் வருமிடத்தில், விலைக்கு வாங்கிய வயல்வெளிக் காட்சியை ஒட்டியிருந்தேன். தோழியின் பாட்டிக்கு ஊர் என்றால் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்த தோழிக்கு எது என்று நான் கேட்டதேயில்லை. இன்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, தோ பாயோவில் தாம் வளர்ந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மழை நிற்கும்வரை பாட்டியோடு அமர்ந்திருந்த கல் மேசையைச் சொன்னார்.

வயலை நீக்கிவிட்டேன். பாட்டியும் வரச் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமை மாலை அங்கே படப்பிடிப்பு.