மேல்புறச் சந்து மூன்று அடி

வீரவநல்லூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தபோது எங்கள் கையில் வில்லங்கச் சான்று, பட்டா, 1988-ஆம் வருடக் கிரயப் பத்திரம் மூன்றும் இருந்தன. சான்றை 1975-இலிருந்து போட்டு எடுத்தோம். அந்த ஒரு கிரயம் மட்டும்தான் பதிவாகியிருந்தது, அடமானம் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கே கொத்தனாரிடம் பேசிவிட்டார். மேல்புறம், அதாவது மேற்குப் பக்கம், விறகும் பழைய ஓடும் அடைந்து கிடந்த சந்தைச் சேர்த்து அடுக்களையைப் பெரிதாக்குவதாகத் திட்டம்.

பத்திரம் எழுதும் அண்ணாச்சிதான் தடுத்தார். 1988 பத்திரத்தில், சொத்து விவரத்தின் கடைசியில், 'மாமூல் பாத்தியதைகளுக்கு உட்பட்டு', அதாவது வழக்கமாக இருந்துவரும் உரிமைகளுக்கு உட்பட்டு, என்று இருந்தது. நான் அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். எல்லாப் பத்திரத்திலும் வருவதுதானே என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

"என்ன மாமூல்னு தாய்ப்பத்திரத்துலதாம்மா இருக்கும். அதப் பாக்காம அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாதீங்க" என்றார்.

இந்தச் சொத்துக்கு முந்தைய மூலப் பத்திரமான அந்தத் தாய்ப்பத்திரம், வீட்டை விற்பவரிடம் இல்லை. ஆனால் 1988 பத்திரத்துக்குள் அதன் எண்ணும் வருடமும் இருந்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கினோம். 1962-இல் அண்ணனும் தம்பியும் செய்துகொண்ட பாகப்பிரிவினை. கையெழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து நாலாவது பக்கம் வந்தபோது இது இருந்தது:

"மேல்புறம் தென்வடலாக உள்ள மூன்றடிச் சந்தில் யாதொரு கட்டடமும் எழுப்பக் கூடாது. மேல்பாகத்தாரின் கூரைத் தண்ணீர் அதில் விழவும், அவர்கள் சுவரைப் பழுது பார்க்கவும், ஜன்னலுக்குக் காற்று வெளிச்சம் வரவும் பாத்தியம் உண்டு."

சந்து எங்களுடையது. ஆனால் அதில் கட்ட முடியாது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களின் பட்டியல்தான். யார் யாருக்கு என்ன எழுதிக்கொடுத்தார்கள் என்று காட்டும். பத்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் நிபந்தனையைக் காட்டாது. பதிவு செய்யாத உயிலும் அதில் வராது.

"அறுபது வருஷத்துக்கு முந்தி யாரோ எழுதினது நம்மளக் கட்டுப்படுத்துமா?" என்று வீட்டுக்காரருக்கு ஆத்திரம். வக்கீலிடம் போனோம். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது தெரிந்து வாங்குபவரையும் அது பிடிக்கும். பதிவான பத்திரத்தில் இருந்தால் தெரிந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். எழுத்தே இல்லாவிட்டாலும், தடையில்லாமல் இருபது வருடம் அனுபவித்த வெளிச்சத்துக்கு வசதியுரிமைச் சட்டத்தில் தனி உரிமை உண்டு என்றார்.

எனக்கும் மனசு கேட்கவில்லைதான். அன்று சாயங்காலம் மேற்குப் பக்கத்து வீட்டு ஆச்சியைப் பார்க்கப் போனேன். அவர் படுக்கும் அறைக்கு ஒரே ஒரு சன்னல். அது நம் சந்தைப் பார்த்துத்தான் திறக்கிறது, பாதி உயரத்துக்கு விறகு மறைத்திருந்தது. சுவரின் அடியில் ஓதம் ஏறிக் காரை உதிர்ந்து கிடந்தது. ஐப்பசி மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது.

"பகல்லயும் லைட்டப் போட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன் பிள்ளே" என்றார்.

அடுக்களையைப் பின்பக்கம் வானம் பார்த்த முற்றத்தில் நீட்டினோம். முற்றம் நாலடி குறைந்தது. எங்கள் கிரயப் பத்திரத்தில் 'மாமூல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 1962-இல் எழுதியதை அப்படியே, அடிக்கணக்கோடு எழுதச் சொன்னேன். பதிவு முடிந்த மறுநாள் ஆள் வைத்து விறகை அள்ளினோம்.