கதவு எந்தப் பக்கம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு என் கைக்கு வந்த பழைய நெகட்டிவ்களில் ஒன்றில், எஞ்சின் மூடிகள் கழற்றப்பட்ட ஒரு ஸ்பிட்ஃபயர், அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர்விமானம், புல்தரையில் நின்றுகொண்டிருந்தது. மூக்கும் காக்பிட்டும் இறக்கைகளும் மட்டுமே படத்துக்குள் அடங்கியிருந்தன. வால்பக்கம் விடுபட்டுப் போயிருந்ததால், விமானத்தின் எண்ணோ படைப்பிரிவின் எழுத்துகளோ எதுவும் தெரியவில்லை. புரொப்பெல்லரில் மூன்று பிளேடுகள் இருந்தன. வலது இறக்கைக்குக் கீழே ஒல்லியான ஆயில் கூலரும், இடது இறக்கைக்குக் கீழே பெட்டி போன்ற பெரிய ரேடியேட்டரும் தெரிந்தன. நான் அறிந்திருந்ததற்கு இது நேர்மாறாக இருந்ததால், யாரும் பதிவு செய்யாத ஏதோ ஒரு சோதனை வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, இரண்டு வாரம் தேடி, நீளமான குறிப்பு ஒன்றையும் எழுதி, பழைய விமானங்களில் ஈடுபாடு கொண்ட நண்பர்களுக்குப் படத்துடன் அனுப்பினேன். மறுநாள் அவர்களில் ஒருவரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "கதவு எந்தப் பக்கம்?"

ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கத்தில் இருக்கிறது. அது கீழ்நோக்கித் திறக்கும். என் படத்தில் அது வலப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற விமானியின் சீருடையைப் பார்த்திருந்தாலே போதும்: பிரிட்டிஷ் வான்படையினர் இடது மார்பில் அணியும் சிறகுச் சின்னம் என் படத்தில் வலது மார்பில் இருந்தது. விமானத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நான் மனிதரைப் பார்க்கவே இல்லை.

இந்தத் தவறு எல்லாவற்றையும் எப்படித் திசைதிருப்பிவிடும் என்பதைப் பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். மார்க் 1, மார்க் 5 போன்ற தொடக்ககால ஸ்பிட்ஃபயர்களில் ரேடியேட்டர் வலது இறக்கையிலும் ஆயில் கூலர் இடது இறக்கையிலும் இருந்தன. மார்க் 9 வந்தபோது நான்கு பிளேடுகளோடு, இரு இறக்கைகளிலும் ஒரே மாதிரியான ரேடியேட்டர் உறைகள் வந்துவிட்டன. மெர்லின் எஞ்சின் பூட்டியவற்றில் விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். பிற்காலத்து கிரிஃபன் எஞ்சினில் இடஞ்சுழியாகச் சுற்றும். பிளேடுகளின் முறுக்கை வைத்தே சுழலும் திசையைச் சொல்லிவிடலாம் என்பதால், புரட்டி அச்சிட்ட ஒரு படம் மெர்லினைக் கிரிஃபனாகக் காட்டி ஏமாற்றக்கூடும். 20,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வந்த ஒரு விமானத்தில் இத்தகைய சிறு அடையாளங்களைத் தவிர நமக்கு வேறு பிடிப்பு இல்லை.

அதன்பின் எந்தப் படத்தைக் கண்டாலும் முதலில் கதவைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம் மிகுதியாகப் பயன்படுவது டிசி-3 என்ற அமெரிக்க விமான வகையில்தான். 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தின் பயணிகள் வடிவம் அறுநூற்றுச் சொச்சம்தான் தயாரானது. போர்க்காலத்தில் இராணுவத்துக்காகச் செய்யப்பட்டவையோ பத்தாயிரத்தைத் தாண்டும். போர் முடிந்ததும் அவற்றில் பல விமான நிறுவனங்களுக்குச் சென்று, வண்ணம் மாறி, ஜன்னல் திரையெல்லாம் போட்டுக்கொண்டு பறந்தன. படத்தின் அடியில் 'டிசி-3' என்று எழுதியிருந்தாலும், உடலின் பின்பகுதியில் இடப்பக்கம் அகன்ற இரட்டைச் சரக்குக் கதவின் கோடு தெரிந்தால், அது சி-47 என்ற இராணுவ வடிவமாகப் பிறந்த விமானம் என்பது தெரிந்துவிடும். பூசிய வண்ணத்தைவிட, வெட்டிய கதவை நான் நம்புவேன்.

வலப்பக்கம் கதவு தெரிந்தால்? உடனே 'படம் புரண்டிருக்கிறது' என்று முடிவுகட்டினால் அதுவும் பிழையாகலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்காகச் செய்யப்பட்ட தொடக்ககால டிசி-3 விமானங்களில் பயணிகள் கதவு வலப்பக்கமே இருந்தது. சோவியத் ஒன்றியம் உரிமம் பெற்றுத் தயாரித்த லி-2 விமானத்திலும் பயணிகள் கதவு வலப்பக்கம்தான். ஒரே கேள்விக்கு மூன்று விடை கிடைக்கும் இடத்தில்தான் நண்பர்களுக்கிடையே விவாதம் சூடுபிடிக்கும்.

நிறத்தைப் பற்றிய விவாதம் இதைவிடக் கடினமானது. பழைய ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. ஆகையால் சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவும், நீலம் வெளிறியும், மஞ்சள் எதிர்பார்ப்பதைவிடக் கருமையாகவும் பதியும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் வெளிவளையமான மஞ்சள், சில படங்களில் கறுப்பு வளையம் போலவே தோன்றுவது இதனால்தான். இதை அறியாமல் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியால் நிறமேற்றிப் பகிர்வதைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அழகாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த நிறத்தையே ஆதாரமாக யாரேனும் காட்டுவார்கள்.

ஆதாரம் என்ற சொல்லை இங்கே சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனெனில் சில விமானங்களைப் பொறுத்தவரை படங்களும் சிதறிய துண்டுகளும் தவிர நம்மிடம் பெரிதாக எதுவும் இல்லை. முதல் உலகப் போரின் புகழ்பெற்ற ஜெர்மன் போர்விமானி மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் பறந்த ஃபோக்கர் டிஆர்-1 மூவிறக்கை விமானங்கள் 320 தயாரிக்கப்பட்டன. அசல் விமானம் ஒன்றுகூட இன்று இல்லை. 1918 ஏப்ரல் 21 அன்று அவர் வீழ்ந்தபோது சிவப்பு விமானத்தின் துணியை நினைவுப்பொருளாகக் கிழித்துக்கொண்டு போனவர்களால்தான் அந்தச் சிவப்பின் துணுக்குகள் சில அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன. நான்கு எஞ்சின் கொண்ட ஷார்ட் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம் 2,300க்கும் மேல் தயாரானது; அதிலும் முழுமையாக ஒன்றுகூட எஞ்சவில்லை. இப்படிப்பட்ட விமானத்தின் ஒரு மங்கலான படம் எவருடைய அலமாரியில் கிடந்தாலும் அது வெளியே வர வேண்டும். அதன் மேல் பெரிய எழுத்தில் தம் பெயரைப் பொறித்து, சக்கரத்தையும் வாலையும் மறைத்துப் பகிர்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

படத்தோடு குறிப்பும் வர வேண்டும். இதில் ரைட் சகோதரர்களை விஞ்ச ஆளில்லை. 1903 டிசம்பர் 17 அன்று அவர்களின் விமானம் முதன்முதலாக 12 விநாடி, 120 அடி பறந்த கணத்தைப் படம் எடுத்தவர், அருகிலிருந்த கடல்மீட்பு நிலையத்தைச் சேர்ந்த ஜான் டேனியல்ஸ். சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் முன்பே கேமராவை முக்காலியில் நிறுத்தி, குறிபார்த்து வைத்துவிட்டுத்தான் விமானத்தில் ஏறினார். டேனியல்ஸ் செய்தது ரப்பர் குமிழை அமுக்கியது மட்டும். தாங்கள் எடுத்த படங்களுக்கு நாள், இடம், ஒளிபடும் நேரம், கண்ணாடித் தகட்டின் வகை ஆகியவற்றைச் சகோதரர்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். 1913 இல் அவர்களின் ஊரான டேட்டன் நகரில் வந்த வெள்ளம் அந்தத் தகடுகளை மூழ்கடித்தபோது, புகழ்பெற்ற இந்தப் படம் ஒரு மூலையை இழந்ததோடு தப்பியது. அதே டிசம்பர் 17 அன்றே, 32 ஆண்டுகள் கழித்து, டிசி-3 பறந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நம்மில் பலர் வைத்திருக்கும் பிரிண்ட்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய அரைவரிகூட இருப்பதில்லை. அப்படி ஏதேனும் இருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள் என்று நான் அனைவரிடமும் கேட்டுக்கொள்வது வழக்கம். ஓரத்தை வெட்டாமல் ஸ்கேன் செய்யுங்கள் என்பது இரண்டாவது வேண்டுகோள். ஃபிலிமின் மங்கலான பக்கத்தில்தான் ரசாயனப் பூச்சு இருக்கும். பளபளப்பான பக்கம் நம்மை நோக்கி இருக்கையில், ஓரத்து எண்கள் நேராகப் படிக்கக் கிடைத்தால், படமும் சரியான திசையில் இருக்கிறது என்று பொருள். நான் வெட்டியெறிந்த அந்த ஓரம்தான் என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது.

இப்போது எங்களிடையே சுற்றிக்கொண்டிருப்பது வேறொரு படம். டிசி-3 குடும்பத்து விமானம் ஒன்று, எழுத்தோ எண்ணோ தெரியாத கோணத்தில், வலப்பக்கக் கதவு திறந்தபடி நிற்கிறது. ஏணியருகே நிற்பவரின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெளிவில்லை. தொடக்ககால டிசி-3 என்கிறார் ஒருவர், லி-2 என்கிறார் இன்னொருவர். என் ஊகம், முன்பு நான் செய்த அதே தவறு என்பதுதான். நெகட்டிவை வைத்திருப்பவர் அதன் ஓரத்து எண்களைப் பார்த்துச் சொல்வதாக ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தார். இன்னும் பதில் வரவில்லை.